நடுவிலிருந்து ஒரு பெட்டி

1

இங்கிலாந்தில் டாக்டரைப் பார்க்கப் போகும் இடத்துக்கு ‘சர்ஜரி’ என்று பேர். அங்கே யாரையும் அறுப்பதில்லை. அப்பா இங்கே வந்த புதிதில், “நாளைக்கு சர்ஜரிக்குப் போகோணுமுங்கப்பா” என்று நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளிறிப் போய், “எனக்கு அப்படியென்ன கண்ணு வந்துருச்சு? மாப்ளைக்குத் தெரியுமா?” என்று கேட்டார். விளக்கம் சொல்லிப் புரிய வைத்த பிறகும், போகும் வழியெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டேதான் வந்தார்.

அந்த சர்ஜரியில்தான் எனக்கு வேலை. இன்று காலை அங்கிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. வருடாந்திர ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி எழுதியிருந்தார்கள். உறையில் போட்டு ஒட்டி அனுப்பியதும் நான்தான், வீட்டில் அதைப் பிரித்துப் படித்துக் காட்டியதும் நான்தான். கையில் கொடுத்திருந்தால் தபால்தலை மிச்சமாகியிருக்கும். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே, இந்த ஊரில் அதை மீற யாருக்கும் தைரியம் கிடையாது.

அப்பா கேட்டுவிட்டு, “மார்ச்சு வந்துருச்சா கண்ணு?” என்றார். பிறகு தாடையில் இருக்கும் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார். போன வருடம் இதே மார்ச்சில் வந்த தழும்பு அது. அந்தக் கதையை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றியது.

2

என் வேலை என்னவென்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நோயாளிகளின் பழைய விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். பழுப்பு நிறத்தில், உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிதாக, ஆளுக்கு ஒரு காகித உறை இருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த டாக்டர்கள் எழுதியதெல்லாம் அதற்குள் மடித்துத் திணித்திருக்கும். நான் அதைப் பிரித்துப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைத் தேடித் தட்டச்சு செய்வேன்.

இந்த ஊர் ஒரு காலத்தில் பனியனுக்கும் காலுறைக்கும் பேர் போனது. இப்போது ஆலைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. ஆர்டர்கள் எங்கே போயின என்று திருப்பூர்க்காரியான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்த உறைகளைப் பிரிக்கும்போது எனக்குச் சொந்த ஊருக்குள் நடப்பதுபோலவே இருக்கும். ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் அடித்த பெண்களின் மணிக்கட்டு வலி, நிட்டிங் மிஷின் இரைச்சலில் மந்தமாகிப் போன காது, பஞ்சுத் தூசியில் வந்த இருமல், எல்லாம் நான் அறிந்தவைதான். ஒரு பழைய டாக்டர் ஒரு வயதான அம்மாவைப் பற்றி ஓரத்தில் இப்படி எழுதி வைத்திருந்தார்: ‘வலி முழங்காலில் இல்லை, மருமகளிடம் இருக்கிறது.’ அதற்குக் குறியீட்டு எண் கிடையாது. மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

இவ்வளவு மெனக்கெட்டு ஏற்றுவதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. டாக்டர்கள் வேலையைத் தரமாகச் செய்தால் அதற்குத் தனியாகப் பணம். தரத்தை எதை வைத்து அளப்பது? அதற்குப் புள்ளிகள் வைத்தார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மேல் எண் நூற்றைம்பதைத் தாண்டாமல் இருந்தால் புள்ளி. சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தைப் பார்த்தால் புள்ளி. புகை பிடிக்கிறீர்களா என்று கேட்டு எழுதினால் புள்ளி. மார்ச் கடைசியில், ஆளுக்குக் கடைசியாகப் பதிவான எண்ணை வைத்துக் கணக்கை மூடிப் புள்ளிகளைப் பணமாக்கிக் கொடுப்பார்கள். நோயாளி உள்ளே போனதுமே திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி வந்து நிற்கும். இவரிடம் இன்னும் இதைக் கேட்கவில்லை, அதை அளக்கவில்லை என்று அது டாக்டரை நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

குறை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது. சர்க்கரை நோயோடு சர்ஜரி பக்கமே வராமல் இருந்த ஒரு பால்காரரை அந்தக் கணினிதான் தேடிப் பிடித்தது. நர்ஸ் ஜூலி போன் போட்டு வரவழைத்துக் காலைப் பார்த்தால், குதிகாலில் புண். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலை எடுத்திருப்பார்கள். அவர் இப்போதும் கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குச் சாக்லேட் டப்பா கொண்டுவருகிறார், அந்தக் காலிலேயே நடந்து. இன்னொரு அம்மா இருந்தார். கணவரைப் புதைத்த மறுவாரம் தூக்கம் வரவில்லை என்று வந்தவர். வெளியே போகும்போது என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, “நான் சிகரெட் பிடிப்பேனா என்று கேட்டார்கள் கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டுமே ஒரே மஞ்சள் பெட்டியின் வேலைதான்.

3

கணினி இல்லாத ஊரில் எல்லாம் நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். திருப்பூர் வேலம்பாளையத்தில் அப்பா நடத்திய பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். சாயங்காலம் கம்பெனி விடும் நேரத்தில் அவர் வாசலில் கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கும். தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள், “சார், ஒரு ஊசி போட்டு வுடுங்க, நாளைக்கு ஷிப்டு இருக்கு” என்று கையை நீட்டுவார்கள். அவரும் போட்டுவிடுவார். ஊசி போடாத டாக்டரிடம் யார் வருவார்கள்? எந்த லேபுக்குச் சீட்டு எழுதினால் யாருக்குப் பங்கு போகும் என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் மனிதர்களை அவர் மறந்ததே இல்லை. “நீ ஓவர்லாக் தங்கராசு தங்கச்சிதானே, போன தடவை அந்த மாத்திரை உனக்கு ஆகலையே” என்பார். எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். ஒருநாள் அவர் இறந்து போனார். அப்பாவின் பதினைந்து வருடத்து ரத்த அழுத்தமும் அவரோடு போயிற்று. இங்கே வந்தபோது அப்பாவால் சொல்ல முடிந்தது, “வெள்ளை மாத்திரைங்க, பாதி” என்பது மட்டும்தான்.

அப்பா குன்னத்தூர்ப் பக்கம் தோட்டங்காடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு திருப்பூருக்கு வந்து கம்பெனி போட்டவர். கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கே செக்கிங்கை, அதாவது தைத்த துணியில் குறை தேடும் வேலையை, பார்த்துக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர்களிடம் ஆர்டர் வாங்குவது எப்படி நடக்கும் என்று அந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரே ஒரு சட்டையை மாதிரிக்கு அனுப்ப வேண்டும். அதற்குச் சாம்பிள் என்று பேர். கம்பெனியிலேயே கை சுத்தமான டெய்லரை உட்கார வைத்து, ஃபேன் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து அதைத் தைக்கச் சொல்வோம். அது பாஸானால் ஆர்டர் வரும். பிறகு ஆயிரக்கணக்கில் தைப்பதற்குப் பல்க் என்று பேர். சாம்பிளும் பல்க்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்புவோம்.

பல்க் முடிந்ததும் சரக்கைப் பார்க்க ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். அவர் வருவதற்குள் நல்ல பெட்டிகளை முன்வரிசையில் அடுக்கிவிடுவோம். தரையெல்லாம் கழுவி, முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு வைத்து, அன்றைக்கு மட்டும் ஒரு டாக்டரைக் கூட்டி வந்து ஸ்டெதாஸ்கோப்போடு உட்கார வைத்ததும் உண்டு. இதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நல்ல தட்டை எடுத்து வைப்பதில்லையா, அந்த மாதிரிதான் நினைத்தோம். வந்தவர் மனம் கோணாமல் போக வேண்டும், நமக்கும் பேர் கெடக் கூடாது. இதுதான் அப்பாவின் தொழில் தர்மம்.

4

அம்மா போன பிறகு ஒற்றைப் பெண்ணான என்னிடம் அப்பா வந்துவிட்டார். வந்துவிட்டார் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். விசா வாங்குவதைவிட அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதற்கே யோசிக்கிற ஆள் அவர். என் கணவர் செந்தில் தங்கமான மனிதர்தான், “மாமா, மாமா” என்று உருகுவார். ஆனாலும் அப்பா அவர் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இன்னொரு தோசை வேண்டுமென்றால் என்னிடம் கண்ணால்தான் கேட்பார்.

எங்கள் வீட்டில் குளியலறையும் கழிவறையும் ஒன்றுதான், அதுவும் மாடியில். அப்பா எல்லோருக்கும் முன்பே எழுந்து வேலையை முடித்துக்கொண்டு கீழே வந்துவிடுவார். அதன் பிறகு நானும் செந்திலும் மகளும் வெளியே கிளம்பும்வரை மாடிப்படி பக்கம் திரும்ப மாட்டார். பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகள் ஹரிணிக்கு மட்டும் அவரிடம் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பேசுவதால், “அப்புச்சி, நீ சாப்ட்டியா?” என்பாள். எங்கள் பக்கம் தாத்தாவிடம் இப்படிக் கேட்டால் முதுகில் ஒன்று விழும். நான் திட்டினால் அப்பா தடுப்பார். “உடு கண்ணு, என்னைய நீன்னு கூப்பிட இப்ப வேற யாரு இருக்கறா?” என்பார். அவளுக்குப் பதின்மூன்று ஆனபோது அதுவும் குறைந்தது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அப்பா கீழே உட்கார்ந்து படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சர்ஜரியில் என் குடும்பத்தாரின் பதிவை நான் திறக்கக் கூடாது. அவர்களுக்காக மொழிபெயர்க்கவும் கூடாது. ரகசியக் காப்பு விதி. ஊரில் உள்ள அத்தனை பேரின் மூலமும் பௌத்திரமும் எனக்குத் தெரியும், என் அப்பாவின் ரத்த அழுத்தம் தெரியாது. அவருக்குத் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வருவார், யாழ்ப்பாணத்து அம்மா. “ஐயா, நீங்கள் குளிசை ஒழுங்கா எடுக்கிறனீங்களோ?” என்று அன்பாகக் கேட்பாராம். அப்பா “ஆமாங்க” என்பார். மாத்திரையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று தெரியாமல் இல்லை. எதைக் கேட்டாலும் ஆமாங்க என்றுதான் சொல்வார். மறுத்துப் பேசி ஒரு பெண்பிள்ளை மனசை எதற்கு நோகடிப்பது என்பது அவர் கட்சி.

அவருடைய டாக்டரின் பேர் ஆலன். நல்ல உயரம், நரைத்த புருவம், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பாவின் இரண்டாவது பரிசோதனையில் எண் சரியாக இருந்ததும், “நன்றி மிஸ்டர் ராமசாமி, இன்றைக்கு எனக்கு ஒரு புள்ளி சம்பாதித்துக் கொடுத்தீர்கள்” என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்து அம்மா அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம் புள்ளி என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். கண்கள் பளிச்சென்று ஆயின.

“அப்ப இவருக்கும் பீஸ் ரேட்டுத்தானா?”

“அப்படித்தானுங்கப்பா வெச்சுக்கோணும்.”

“தப்பில்ல கண்ணு. ஒரு பீசுக்கு இத்தன காசுன்னாத்தான் கை ஓடும். ஆனா செக்கிங் டேபிள்ள நல்ல ஆளாப் போடோணும்” என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் உப்பில்லாத கஞ்சி வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். ஏதாவது விரதமாக இருக்கும் என்று நானும் வைத்துக் கொடுத்தேன்.

5

போன மார்ச்சில் பரிசோதனைக்கு வந்தவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் மப்ளருமாக வந்து உட்கார்ந்தார். ஜூலி உள்ளே கூட்டிப்போய் அளந்தார். நல்ல எண். ஜூலி சிரித்த முகமாக வெளியே வந்து எனக்குக் கட்டை விரலைக் காட்டினார். அப்பா அவருக்குப் பின்னால் வந்து, என் மேஜையருகில் நின்று, “பாஸ் கண்ணு” என்றார். அப்படியே சரிந்தார்.

மேஜை விளிம்பில் தாடை பட்டு ரத்தம் வந்தது. நான் எப்படி எழுந்தேன், எப்படி அவர் தலையை மடியில் எடுத்து வைத்தேன் என்பது எனக்கு நினைவில்லை. டாக்டர் ஆலன் ஓடி வந்து காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். கொஞ்சத்தில் அப்பா கண் திறந்து முதலில் கேட்டது, “மேஜைக்கு ஒண்ணும் ஆகுலயே?” என்பதுதான்.

உள்ளே கட்டிலில் படுக்க வைத்து மறுபடி அளந்தபோது எண் ஏகத்துக்கும் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, “விதியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கேளுங்கள்” என்றார்.

“மாத்திரை சாப்பிட்டீங்களாப்பா?”

“சாப்பிட்டேன் கண்ணு. ரெண்டு நாளா ஒண்ணு உடாமச் சாப்பிட்டேன். இன்னைக்கு வெடியால ரெண்டு சேத்தியே போட்டுட்டு வந்தேன்.”

“ரெண்டு நாளான்னா? மத்த நாள்ல?”

அப்பா என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். “மத்த நாள் எதுக்கு கண்ணு? மத்த நாள் இவரு பாக்கறதில்லையே.”

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் ஆலன் பேனாவைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்கச் சொன்னார். அப்பா எழுந்து உட்கார முயன்று, முடியாமல், படுத்தபடியே கை கூப்பினார். “பாயிண்டு கெடைச்சுதுன்னு அன்னைக்கு இவரு சந்தோசப்பட்டாரு. வருசக் கடைசி வேற. நம்மளால இவருக்கு ஒரு கொறை வரலாமுங்களா? அதான் சாம்பிளச் சுத்தமாக் குடுத்துட்டு வந்தேன்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. வெளிநாட்டுக்காரன் முன்னால் பேர் கெடக் கூடாது என்று தன் உடம்பையே முன்வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார். அந்தக் கணினியில் இரண்டு வருடமாக என் அப்பா ஆரோக்கியமான மனிதர். மஞ்சள் பெட்டி கேட்டதெல்லாம் அவர் கொடுத்திருக்கிறார். அது கேட்காததை வேறு யாரும் கேட்கவில்லை.

மற்ற நாட்களில் சாப்பிடுவதற்கு என்ன கஷ்டம் என்று டாக்டர் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “அந்த மாத்திரை போட்டா சித்த நேரத்துக்கு ஒருக்கா ஒண்ணுக்குப் போகோணும் கண்ணு. வெடியால மாப்ள குளிப்பாரு, புள்ள பள்ளிக்கூடத்துக்குப் பொறப்படுவா. மாப்ள ஊட்டுல போயி கதவத் தட்டிட்டு நிக்க முடியுமா? இத அவருகிட்டச் சொல்லாத.”

அப்பா பேச்சைத் தட்டாத பெண் என்று ஊரில் பேர் வாங்கியவள் நான். அன்றைக்குத் தட்டினேன். ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு ஒரு கருவியால் அப்பாவின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், கண்ணுக்குப் பின்னால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே கெட ஆரம்பித்திருக்கின்றன என்றார். இப்படியே போனால் ஒருநாள் காலையில் ஒரு பக்கம் கை கால் விழுந்து போயிருக்கும் என்றார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதை மொழிபெயர்த்தேன்.

6

நீர் பிரியும் மாத்திரையை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினை ஜூலி வீட்டுக்கே கொடுத்தனுப்பி, ஒரு வாரம் காலையும் மாலையும் அளக்கச் சொன்னார். ஹரிணியே காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். “அப்புச்சி, நீ பேசாத, பேசினா நம்பர் மேல போகும்” என்று அதட்டுவாள். அவர் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருப்பார். எண்கள் எல்லாம் எல்லைக்கு வெகு மேலே இருந்தன.

அவற்றை எடுத்துக்கொண்டு போனபோது மார்ச் முடியப் போகிற வாரம். இந்த முறை மொழிபெயர்க்க என்னையே உட்கார வைத்துக்கொள்ள டாக்டர் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார். சர்ஜரியின் மேனேஜரம்மா புள்ளிக்காக ஒவ்வொரு ஆளாக எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் கதவருகில் நின்று, “ஏற்கெனவே நல்ல எண் ஒன்று பதிவாகியிருக்கிறதே, இவரை ஏப்ரலில் வரச் சொல்லலாமே” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் சம்பளமும் அந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது.

டாக்டர் ஆலன் அவரிடம் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, திரையை அப்பா பக்கம் திருப்பி வைத்தார். ஹரிணி குறித்த எண்களைச் சராசரியாக்கி, எல்லைக்கு மேலே நின்ற அந்த எண்ணை மெதுவாகத் தட்டினார். அன்று நல்ல எண் பதிவானதும் போயிருந்த மஞ்சள் பெட்டி மூலையில் மறுபடியும் வந்து உட்கார்ந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை.

“அழிக்கச் சொல்லு கண்ணு” என்றார். “நல்ல பீசு கையில இருக்கறப்ப டேமேஜ் பீச எடுத்து எதுக்கு மேல வெக்கறாரு? பாவம், அவருக்குத்தான நட்டம்?”

நான் அதைச் சொல்லிவிட்டு, கூடவே சாம்பிள் என்றால் என்ன, பல்க் என்றால் என்ன, பெட்டிகளை நாங்கள் எப்படி அடுக்குவோம் என்பதையும் சொன்னேன். ஒரு நோயாளியின் மகள் டாக்டரிடம் சொல்லக்கூடிய விஷயம்தானா என்று பாதியில் வெட்கமாகிவிட்டது. டாக்டர் ஆலன் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“என் அம்மா இந்தத் தெருக்கோடியில் இருந்த ஆலையில் செக்கிங் பார்த்தவர்” என்றார். “மேலே இருக்கும் டஜனைத் தொடவே மாட்டார். கையை அடியில் விட்டு நடுவிலிருந்துதான் உருவுவார். வீட்டிலும் அப்படித்தான். எங்கள் பள்ளிக்கூடப் பையில்கூட நடுநோட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார். உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், எனக்கு நடுவில் இருக்கும் பெட்டி வேண்டும்.”

சொன்னேன். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவங்கம்மா செக்கிங்கா?” என்று என்னிடம் கேட்டார். ஆமாங்க என்றேன். வாழ்நாளெல்லாம் இன்ஸ்பெக்டர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தவர், டாக்டரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “செக்கிங்காரம்மா மகன்கிட்ட நம்ம வேலை ஆகாது கண்ணு” என்றார்.

அங்கேயே ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. இனி தேதி சொல்லி வரச் சொல்ல மாட்டார்கள். மாதத்தில் ஏதோ ஒரு காலையில் ஜூலி போன் செய்வார், அப்பா உடனே வர வேண்டும். வருடாந்திரக் கடிதம் மட்டும் விதிப்படி தானாகவே வரும். ஜூலி கூப்பிடுவதற்குப் புள்ளி எதுவும் கிடையாது. கணினியில் அதற்கு இடமும் இல்லை. ஜூலி அதைத் தன் மேஜை நாட்காட்டியில் எழுதி வைத்துக்கொண்டார்.

7

செந்திலிடம் குளியலறை விஷயத்தை நான் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் சாயங்காலமே குளிக்க ஆரம்பித்தார். “இந்தக் குளுருக்கு வெடியாலக் குளிக்க முடியறதில்லைங்க மாமா” என்று அப்பா காதில் விழும்படி ஒருமுறை சொன்னதோடு சரி. அந்தக் கோடையில் மாடிப்படிக்குக் கீழே, நாங்கள் குடை வைத்திருந்த மூலையில், சின்னதாக ஒரு கழிவறையும் கட்டிவிட்டார். விருந்தாளிகளுக்கு என்று சொன்னார். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அப்பாவும் அதற்காக நன்றி சொல்லவில்லை. தனக்கென்று கட்டியதாக ஒப்புக்கொண்டால்தானே சொல்ல முடியும். ஆனால் இப்போது இரண்டாவது தோசையை வாய்விட்டே கேட்கிறார்.

ஒரு வருடமாக அவர் மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. எந்தக் காலையில் போன் வரும் என்று தெரியாதே. தினமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஷூ மாட்டி, தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ஹரிணி பள்ளிக்குக் கிளம்பும்போது, “அப்புச்சி, இன்னிக்கு வருமா?” என்று கேட்பாள். “வந்தா வரட்டும் கண்ணு” என்பார். கண்ணில் புதிதாகக் கோளாறு எதுவும் இல்லை என்று போன மாதம் சொன்னார்கள். எண்ணும் படிப்படியாக இறங்கி வருகிறது. ஆனாலும் எல்லைக்கு இன்னும் ஒரு விரல் மேலேதான் நிற்கிறது, அதனால் இந்த மார்ச்சிலும் டாக்டர் ஆலனுக்கு அப்பாவால் புள்ளி கிடைக்கப் போவதில்லை.

இன்று அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிய பிறகு, வழக்கம்போல ஊருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். கம்பெனியை இப்போது பார்த்துக்கொள்வது என் சித்தப்பா. பின்னால் மிஷின் ஓடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. “ஏனுங்ணா, ஒடம்பு எப்படி இருக்குதுங்க? அங்கத்த டாக்டருங்க நல்லாப் பாக்கறாங்களா? பாஸ் பண்ணிட்டாங்களா?” என்று சித்தப்பா கத்தினார்.

அப்பா ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். முதல் சாம்பிள் பாஸான நாளில்கூட அவர் குரலில் அப்படியொரு பெருமையை நான் கேட்டதில்லை.

“இன்னும் பாஸ் ஆகுலடா தம்பி” என்றார். “ஆனா எழுதி வெச்சிருக்கறது என்ற சொந்த நெம்பரு.”